க்ளவுஸைக் கழட்டுங்க பாஸ்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. டீம் செட் ஆகியிருக்கும். கைடு யாருன்னு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பாங்க. டைட்டில்தான் பாக்கி. மெக்கானிக்கல், ஈ.சி.இ., மெக்கட்ரானிக்ஸ்னு எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும், யாராவது ஒரு டீம் கண்டிப்பா எழுதிக் கொடுக்கப்போகிற டைட்டில் ஒண்ணு இருக்கு: 'குறைந்த விலையில் ரோபோ கை'. அதுக்குக் கீழே பொடி எழுத்தில், 'மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும்'!

நான் இப்போ தேர்ட் இயர். சீனியர்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்து ரெசிபியே மனப்பாடம் ஆயிடுச்சு. ஒரு க்ளவுஸ். அதில் விரலுக்கு ஒண்ணா அஞ்சு ஃப்ளெக்ஸ் சென்சார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின ஒரு ஆர்டுயினோ, அஞ்சு சர்வோ மோட்டார். கொஞ்சம் தூண்டில் நரம்பு. 3டி பிரின்டரில் எடுத்த விரல்கள். அந்த விரல் டிசைன் பெரும்பாலும் 'இன்மூவ்' ரோபோவோடதா இருக்கும். பிரான்ஸைச் சேர்ந்த கேல் லாஞ்ஜெவான் என்ற சிற்பி 2012ல் ஆரம்பிச்சு, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு இலவசமாக் கொடுத்தது. க்ளவுஸ் போட்ட கையை மடக்கினா டேபிள் மேல இருக்கிற கையும் மடங்கும். எக்ஸ்டர்னல் அதோட கை குலுக்குவார். சிரிப்பார். மார்க் வந்துடும்.

எல்லாம் ஓ.கே. ஒரே ஒரு டவுட்.

கை இல்லாத ஒருத்தருக்குத்தானே இந்தக் கை? அவர் அந்தக் க்ளவுஸை எதில் மாட்டுவார்?

'இன்னொரு கையில மாட்டிக்கலாமே'ன்னு பின் பெஞ்சிலிருந்து குரல் வருது. சரி, மாட்டுவோம். இப்போ ஒரு தண்ணி பாட்டிலைத் திறங்க. இடது கை பாட்டிலைப் பிடிக்கணும், வலது கை மூடியைத் திருகணும். ரெண்டும் வேற வேற வேலை. நம்ம ரோபோ கை என்ன பண்ணும்? இடது கை செய்யறதை அப்படியே காப்பி அடிக்கும். சட்டைக்குப் பட்டன் போடறது, இட்லி மாவைப் பாத்திரத்துக்கு மாத்தறது, பைக்கில் கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரை முறுக்கறதுன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கை ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்யற இடம், கோயிலில் கும்பிடறதும் கிரவுண்டில் கைதட்டறதும்தான்!

ஆக, டைட்டிலில் பொடி எழுத்தில் இருந்த அந்த 'மாற்றுத்திறனாளிகளுக்கும்' என்ற வார்த்தை முதல் நாளே அடிபட்டுப் போச்சு. பயப்படாதீங்க, ப்ராஜெக்ட்டைக் கைவிடச் சொல்லலை. யாருக்குன்னு முதலில் முடிவு பண்ணிட்டு ஆரம்பிச்சா, விலை தானா இறங்கும்னு சொல்ல வர்றேன்.

ஒரு சின்ன எக்ஸ்பெரிமென்ட். இந்தப் பக்கத்தைப் படிச்சுக்கிட்டே செய்யலாம். இடது கையால் வலது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே சுத்திப் பிடிங்க. இப்போ வலது கை விரல்களை மட்டும் மடக்கி நீட்டுங்க. உள்ளே ஏதோ ஓடுது இல்லையா? விரலை மடக்குற பெரிய தசைகள் எதுவும் விரலில் இல்லை. அது இருக்கிறது முன்கையில். அங்கிருந்து நரம்புக்கயிறு மாதிரி தசைநாண் ஓடி விரலை இழுக்குது. நம்ம தூண்டில் நரம்பும் சர்வோவும் அதோட காப்பிதான்.

இதில்தான் விஷயம் இருக்கு. மணிக்கட்டுக்கு மேலே கையை இழந்தவருக்கும் அந்தத் தசைகளில் பாதி மிச்சம் இருக்கும். 'மடக்கு'ன்னு அவர் நினைச்சா அது இப்பவும் இறுகும். இறுகும்போது தோல் மேலே ஒரு மில்லிவோல்ட் அளவில் சிக்னல் கிடைக்கும். பென் டார்ச் செல் 1500 மில்லிவோல்ட். கணக்குப் போட்டுக்கோங்க, எவ்வளவு மெல்லிய குரல்னு! இதை வெச்சுக் கையை இயக்கலாம்னு 1940களிலேயே ஜெர்மனியில், மூனிக்கில், ரைன்ஹோல்ட் ரைட்டர் என்பவர் செய்து காட்டிட்டார். பேர் மயோஎலெக்ட்ரிக் கை.

ஈ.சி.இ. மக்களே, உங்க ஏரியா இது. இந்தச் சிக்னல் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸில் இருந்து 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவியிருக்கும். நம்ம வீட்டு கரண்ட்டோட இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். சரியா நடுவீட்டில் வந்து உட்கார்ந்திருக்கு. ஃபில்டர் போட்டு வெட்டினா சிக்னலும் கொஞ்சம் சேர்ந்து போகும். ரெண்டு எலெக்ட்ரோடுக்கும் பொதுவா வர்ற இரைச்சலைக் கழிக்கிற நல்ல இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர் வேணும். இதோட வேர்வை. எலெக்ட்ரோடு அரை இன்ச் நகர்ந்தா சிக்னல் மாறிடும். ஏ.சி. லேபில் ஓடின சர்க்யூட், மே மாசம் வேலூரில் ஓடணும். நாலு மாச ப்ராஜெக்ட்டுக்கு இது ஒண்ணே போதும்.

இப்படிக் கஷ்டப்பட்டு எத்தனை சிக்னல் கிடைக்கும்? சாதாரணமா ரெண்டு. முன்கையின் உள்பக்கத் தசை இறுகினா 'மூடு', வெளிப்பக்கத் தசை இறுகினா 'திற'.

அப்போ அஞ்சு மோட்டார் எதுக்கு?

இந்தக் கேள்வியை எந்த ரிவ்யூவிலும் யாரும் கேட்டு நான் பார்க்கலை. ரெண்டு சொல் மட்டுமே தெரிஞ்ச ஒருத்தரிடம் அஞ்சு வேலைக்காரர்களைக் கொடுத்தா எப்படி மேய்ப்பார்? விரல்களைத் தனித்தனி மோட்டார் வெச்சு இயக்கின முதல் வணிகக் கையான ஐ-லிம்ப், 2007ல் ஸ்காட்லாந்தின் டச் பயோனிக்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. விலை பல பத்தாயிரம் டாலர். அதிலேயே 'சாவி பிடிக்கிற பிடி', 'பேனா பிடிக்கிற பிடி'ன்னு முன்கூட்டியே பதிஞ்சு வெச்ச பிடிகளுக்குள் மாத்திக்கத்தான் முடியும். ஒவ்வொரு விரலையும் நம்மை மாதிரி நினைச்ச மாத்திரத்தில் ஆட்டுறதெல்லாம் சினிமாவில்தான்.

மோட்டாரைக் குறைச்சா விரல் எப்படிப் பொருளோட வடிவத்துக்கு வளையும்? பழைய மளிகைக்கடைத் தராசை நினைச்சுக்கோங்க. குறுக்குக் கோலோட நடுவில் பிடிச்சு இழுக்கறீங்க. ரெண்டு முனையிலும் ஒவ்வொரு விரலோட நரம்பு கட்டியிருக்கு. ஒரு விரல் ஆப்பிள் மேல முட்டி நின்னுடுச்சுன்னா, கோல் அந்தப் பக்கம் சாய்ஞ்சு, இன்னொரு விரல் தொடர்ந்து மடங்கும். அதுவும் முட்டினதும் ரெண்டிலும் சமமா அழுத்தம் ஏறும். இப்படி ரெண்டு கோல், அந்த ரெண்டையும் சேர்க்க மேலே இன்னொரு கோல். நாலு விரலுக்கு ஒரே மோட்டார்! சென்சாரும் வேண்டாம், கோடிங்கும் வேண்டாம். டம்ளரோ மாம்பழமோ, கை தானா அதோட வடிவத்துக்கு வந்துடும். மெக்கானிக்கல் பசங்களுக்கு டிஃபரன்ஷியல் ஞாபகம் வந்திருக்கணும். வரலைன்னா அரியர் நிச்சயம்!

இது நான் கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவின் யேல் யுனிவர்சிட்டியில் ஆரன் டாலர் என்ற பேராசிரியரின் லேப், 'ஓப்பன்ஹேண்ட்' என்ற பேரில் இந்த மாதிரிக் கைகளோட டிசைன்களை இலவசமாவே கொடுத்திருக்கு. அதில் ஒரு மாடலில் நாலு விரல், ஒரு மோட்டார், மூட்டுக்கு அச்சுக்குப் பதில் ரப்பர். இத்தாலியில் பீசா யுனிவர்சிட்டியும் ஐ.ஐ.டி.யும் (அது இத்தாலி ஐ.ஐ.டி., நம்ம அடையாறு இல்லை!) சேர்ந்து செய்த சாஃப்ட்ஹேண்ட் இன்னும் ஒரு படி மேலே. 19 மூட்டு, ஒரே ஒரு மோட்டார்.

மோட்டாரைக் குறைக்கிறதில் காசைவிடப் பெரிய லாபம் எடை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாரும் வாங்குற மெட்டல் கியர் சர்வோ ஒண்ணு 55 கிராம். அஞ்சு வெச்சா 275. நம்ம உண்மையான கையே சுமார் 400 கிராம்தான். அதுவாவது எலும்போட பிறந்ததிலிருந்து ஒட்டியிருக்கு. செயற்கைக் கை, மிச்சமிருக்கிற கையைக் கவ்வுற ஒரு கிண்ணத்தில் தொங்குது. அரை கிலோ அங்கே தொங்கினா சாயங்காலத்துக்குள்ள தோள் கழண்டுடும்.

அழுத்தம்? அந்தச் சர்வோவின் டார்க் சுமார் 10 கிலோ-சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் மாட்டினா நரம்பை 10 கிலோ விசையில் இழுக்கும். ஆஹான்னு சந்தோஷப்படாதீங்க. நரம்பு போறது விரல் மூட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில். விரல் நுனி இருக்கிறது 8 சென்டிமீட்டரில். எட்டால வகுங்க. நுனியில் கிடைக்கிறது ஒண்ணேகால் கிலோ. உராய்வில் அதிலும் கொஞ்சம் போகும். இதுவும் மோட்டார் நின்ன இடத்தில் முக்கிக்கிட்டு, ரெண்டு ஆம்பியருக்கு மேல குடிக்கும்போது! பஸ்ஸில் ஒரு பையைப் பிடிச்சுக்கிட்டு தாம்பரத்திலிருந்து பாரிமுனை போறதுக்குள்ள பேட்டரி காலி. அதனால்தான் நல்ல கைகளில் வார்ம் கியரோ திருகோ வெச்சிருப்பாங்க. கிடாரில் கம்பியை முறுக்குற சாவி மாதிரி. சாவியைத் திருப்பினா கம்பி இறுகும். கம்பியை எவ்வளவு இழுத்தாலும் சாவி திரும்பாது. பிடிச்ச பிறகு மோட்டாரை ஆஃப் பண்ணிடலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எங்கே போய் நிற்கும்னு கேட்கறவங்களுக்கு ஒரு கதை. ஜோயல் கிப்பார்டு, இங்கிலாந்தின் பிளிமத் யுனிவர்சிட்டியில் ரோபோடிக்ஸ் படிச்சவர். காலேஜ் ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்ச ரோபோ கையை விட மனசில்லாம, பார்த்துக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டு, 2013ல் 'ஓப்பன் ஹேண்ட் ப்ராஜெக்ட்' ஆரம்பிச்சார். ஆயிரம் டாலருக்குள் ஒரு ரோபோ கைங்கிறது டார்கெட். பொதுமக்கள் கொடுத்த பணம் 40,000 பவுண்டைத் தாண்டிச்சு. 2014ல் பிரிஸ்டலில் சமந்தா பெய்னோட சேர்ந்து 'ஓப்பன் பயோனிக்ஸ்' கம்பெனி. 2015ல் ஜேம்ஸ் டைசன் விருதில் பிரிட்டன் அளவில் முதல் பரிசு. 2018ல் 'ஹீரோ ஆர்ம்' விற்பனைக்கே வந்துடுச்சு. செம இல்ல?

ஆனா அந்த ஹீரோ ஆர்ம் ஆயிரம் டாலரில் கிடைக்கலை. மத்த கம்பெனிக் கைகளைவிடக் குறைவுதான். ஆயிரம் டாலர் இல்லை. கிப்பார்டு பேராசைக்காரர் ஆயிட்டார்னு நினைச்சா அது தப்பு. விரல், மோட்டார், சர்க்யூட் எல்லாம் நிஜமாவே மலிவா ஆயிடும். கையைக் கவ்வுற கிண்ணம், அதாவது சாக்கெட், ஆளுக்கு ஆள் வேற. ஒருத்தருக்குச் செய்ததை இன்னொருத்தருக்கு மாட்ட முடியாது. அளவெடுக்க, மாட்டிப்பார்க்க, உரசுற இடத்தைச் சரிசெய்ய ஒரு தேர்ந்த ஆள் மணிக்கணக்கில் உட்காரணும். மருத்துவக் கருவின்னு சான்றிதழ் வாங்கணும். ஆறு மாசம் கழிச்சு விரல் உடைஞ்சா யார் சரிபண்றது? இதெல்லாம்தான் விலை. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'மொத்தச் செலவு 6,000 ரூபாய்'னு டேபிள் போடும்போது சாக்கெட்டுக்கு ஒரு வரிகூட இருக்காது. ஏன்னா, அதை யாரும் போட்டுப் பார்த்ததே இல்லை.

மோட்டாரே இல்லாம ஜெயிச்ச கதையும் இருக்கு. 2011ல் தென் ஆப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர், மரம் அறுக்கிற ரம்பத்தில் வலது கை விரல்களை இழந்தார். விரல் வாங்கப் போனா விலை கட்டுப்படியாகலை. அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்ற பொம்மை ஆர்ட்டிஸ்ட் வேடத்துக்காகச் செய்திருந்த ஒரு ராட்சசக் கையின் வீடியோவைப் பார்த்து, அவரைப் பிடிச்சார். ரெண்டு பேரும் கண்டம் விட்டுக் கண்டம் ஸ்கைப்பில் பேசிப் பேசியே செய்த கைதான் ரோபோஹேண்ட். பேட்டரி கிடையாது. மணிக்கட்டை மடக்கினா நரம்பு இழுத்து விரல் மூடும். விரலில்லாமல் பிறந்த ஒரு அஞ்சு வயசுப் பையனுக்கு அதை மாட்டி, 2013 ஜனவரியில் டிசைனை உலகத்துக்கே இலவசமாக் கொடுத்துட்டாங்க. அதே வருஷம் ஜான் ஷல் என்ற பேராசிரியர் ஆரம்பிச்ச 'ஈ-நேபிள்' அமைப்பில், பிரின்டர் வெச்சிருக்கிறவங்க அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு அச்சடிச்சுக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. குழந்தை வளர்ந்தா? ஃபைலில் அளவைக் கொஞ்சம் ஏத்தி, திரும்பப் பிரின்ட்! இதுக்கு மணிக்கட்டும் உள்ளங்கையில் கொஞ்சமும் இருக்கணும், அதுதான் எல்லை.

'அதெல்லாம் பொம்மை, மோட்டார் இருந்தாதான் கெத்து'ங்கறவங்களுக்கு: 2016 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் பக்கத்தில் 'சைபத்லான்' போட்டி நடந்தது. செயற்கைக் கை போட்டவங்க துணி காயப்போடறது, ரொட்டி வெட்டறது மாதிரி வீட்டு வேலைகளை வேகமாச் செய்து காட்டணும். லேட்டஸ்ட் மோட்டார் கைகளெல்லாம் களத்தில். தங்கம் வாங்கினது ராபர்ட் ரடோசி. அவர் போட்டிருந்தது, தோள் அசைவில் கேபிளை இழுத்து மூடற இடுக்கி மாதிரிக் கை. நம்ம சைக்கிள் பிரேக் டெக்னாலஜி!

2007ல் கனடாவின் எலைன் பிடிஸ், டாம் சாவ் ரெண்டு பேரும் 25 வருஷ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. பெரியவங்களில் மோட்டார் கையைக் கழட்டி ஓரமா வெச்சவங்க சராசரியா 23 சதவீதம். கேபிள் கைன்னா 26. குழந்தைகளில் 35, 45. கனம், சூடு, 'இதைவிட ஒத்தைக் கையாலேயே சீக்கிரம் முடிச்சுடறேன்'ங்கிற எரிச்சல். இலவசமாக் கொடுத்தாலும் பீரோவுக்குள் போற கையை மலிவான கைன்னு எப்படிச் சொல்றது? ஜெய்ப்பூர் கால் ஏன் நின்னுச்சு? 1968ல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் அதை உருவாக்கினப்போ, குத்துக்கால் போட்டு உட்காரணும், செருப்பில்லாம வயல் சேத்தில் நடக்கணும்னு நம்ம ஊர் வாழ்க்கையிலிருந்து ஆரம்பிச்சாங்க. கைக்கு அப்படி ஒரு லிஸ்ட் போடுங்களேன். சாதம் பிசைய முடியாது, ஸ்பூன் பிடிச்சா போதுமா? தண்ணி பட்டா தாங்குமா? கைலியை இறுக்கிக் கட்ட முடியுமா? இந்தக் கேள்வி எதுவும் இங்கிலீஷ் ஜர்னல் பேப்பரில் வராது.

சரி, அந்தக் க்ளவுஸைக் குப்பையில் போட்டுடலாமா? வேண்டாம். டைட்டிலில் ரெண்டாவதா ஒரு வார்த்தை இருந்ததே, 'தொழிற்சாலைகளுக்கும்'. க்ளவுஸுக்கு அங்கேதான் வேலை. கை போகக்கூடாத இடத்துக்கு நம்ம கைக்குப் பதிலா ஒரு கையை அனுப்பறது. 1940களின் கடைசியிலேயே அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ், கதிரியக்கப் பொருளை சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கையாள்ற காப்பியடிக்கும் கைகளைச் செய்தார். க்ளவுஸ் போட முழுசா ஒரு கை இருக்கிறவருக்கான டெக்னாலஜி இது.

ஃபேக்டரிக் கைக்கு அஞ்சு விரல் வேணும்னு சட்டமும் இல்லை. 2010ல் கார்னெல், சிகாகோ யுனிவர்சிட்டி ஆட்கள் ஒரு பலூனுக்குள் காபித்தூளை நிரப்பினாங்க. பொருள் மேல அமுக்கினா பலூன் அதைச் சுத்தி வழியும். காத்தை உறிஞ்சினா தூள் இறுகிப் பாறையாகி அப்படியே கவ்விக்கும். வேக்கும் பேக் பண்ண காபித்தூள் பாக்கெட் செங்கல் மாதிரி இருக்குமே, அதேதான். முட்டையையும் தூக்கும், நட்டையும் தூக்கும். விரலே இல்லை! நம்ம ஊரில் இதை ஏன் யாரும் செய்யலைன்னு எனக்குப் பொறாமையா இருக்கு. காபித்தூளுக்கா பஞ்சம்?

கைக்கு இங்கே இன்னொரு அவசரமும் இருக்கு. 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019லிருந்து 'க்ரஷ்ட்'ங்கிற பேரில் அறிக்கைகள் வெளியிட்டு வருது. வாகன உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளில் விரலையும் கையையும் இழக்கிற தொழிலாளர்களைப் பற்றி. பெரும்பாலும் பவர் பிரஸ். தகட்டை டைக்குள் கையால் வெச்சு, பெடலை மிதிச்சு, எடுத்து, அடுத்ததை வெச்சு... ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை. ஒரு தடவை கை லேட்டா வெளியே வந்தா முடிஞ்சது. ரெண்டு கையாலும் பட்டன் அமுக்கினாதான் இறங்குற அமைப்பு, கை உள்ளே இருந்தா நிறுத்துற சென்சார் எல்லாம் எப்பவோ வந்தாச்சு. 'ப்ரொடக்‌ஷன் குறையுது'ன்னு அதைக் கழட்டி வெச்சா யார் என்ன பண்றது?

அந்த பிரஸ்ஸுக்கு ஒரு கை செய்யுங்களேன்! ரெண்டு அசைவு போதும்: உள்ளே போ, வெளியே வா. நுனியில் ஒரு ரப்பர் வேக்கும் கப், ஒரு சோலனாய்டு வால்வு, கை முழுசா வெளியே வந்த பிறகுதான் பிரஸ் இறங்கும்னு ஒரு இன்டர்லாக். வேகம் குறையக்கூடாது, அதுதான் நிஜமான சவால். குறைஞ்சா இதையும் கழட்டிடுவாங்க. 'ஆபரேட்டரோட வேலை போயிடாதா?'ன்னு கேட்பீங்க. அதே ஆள் இந்தப் பக்கம் நின்னு தகட்டை அடுக்கட்டும். இது மனுஷக் கை மாதிரி இருக்காது, எக்ஸ்டர்னல் கை குலுக்க முடியாது. ஆனா நான் எக்ஸ்டர்னலா இருந்தா முழு மார்க் இதுக்குத்தான்.

மயோஎலெக்ட்ரிக் கைதான் செய்வேன்னு உறுதியா இருக்கிறவங்க, ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்குங்க. சென்னைன்னா கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு. வேலூர்னா பாகாயத்தில் சி.எம்.சி.யோட மறுவாழ்வு மையம். டிபார்ட்மென்ட்டில் லெட்டர் வாங்கி, முன்கூட்டி அனுமதி கேட்டுப் போங்க. செயற்கை உறுப்பு செய்கிற டெக்னீஷியனைப் பாருங்க, சாக்கெட் எப்படிச் செய்யறாங்கன்னு கவனிங்க. கை இழந்தவர் யாராவது பேச விரும்பினா மட்டும் பேசுங்க. 'எப்படி நடந்தது?'ன்னு ஆரம்பிக்காதீங்க, அதை ஊரே கேட்டிருக்கும். 'காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எந்த வேலை ரொம்பக் கடுப்பேத்துது?'ன்னு கேளுங்க. லேப்டாப் வேண்டாம், நோட்டுப் போதும். க்ளவுஸ் ஹாஸ்டலிலேயே இருக்கட்டும்.